ஆர்சனிக்கும் அதைப் பிடிக்கும் பிசின் மணிகளும்

கங்கையும் பிரம்மபுத்திராவும் இமயத்திலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளாக அரித்துக்கொண்டு வந்து கொட்டிய வண்டலால் உருவானது வங்காளச் சமவெளி. அந்த வண்டலின் மணல் துகள்கள்மீது துருவை ஒத்த இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. பாறைகளிலிருந்து கழன்று வந்த ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமம் அந்தப் பூச்சில் ஒட்டிக்கொண்டு, யாருக்கும் தீங்கு செய்யாமல் மண்ணுக்குள் கிடந்தது. ஆனால் வண்டலோடு சேர்ந்து புதைந்த தாவரக் கழிவை உண்டு வாழும் நுண்ணுயிரிகள், ஆழத்தில் ஆக்சிஜன் தீர்ந்த பிறகு, தம் சுவாசத்துக்கு ஆக்சிஜனுக்குப் பதிலாக அந்த இரும்பு ஆக்சைடையே பயன்படுத்துகின்றன. அப்போது இரும்பு நீரில் கரையும் வடிவத்துக்கு மாறிவிட, அதைப் பற்றியிருந்த ஆர்சனிக்கும் பிடி இழந்து நிலத்தடி நீரில் கலந்துவிடுகிறது.

குளத்து நீரைக் குடித்து வயிற்றுப்போக்கில் குழந்தைகள் மடிவதைத் தடுக்க வேண்டும் என்ற நல்ல நோக்கத்தோடு 1970களில் தொடங்கி வங்கதேசத்திலும் மேற்கு வங்கத்திலும் லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் இறக்கப்பட்டபோது, அந்த நீரில் ஆர்சனிக் இருக்கக்கூடும் என்று எவரும் சோதித்துப் பார்க்கவில்லை. 1983ஆம் ஆண்டு கொல்கத்தாவின் தோல்நோய் மருத்துவர் கே.சி. சாஹா, கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளின் உடலில் கண்ட கரும்புள்ளிகளையும் உள்ளங்கை, உள்ளங்கால் தோல் தடித்துப் போயிருந்ததையும் வைத்து, இது குடிநீர் வழியாக வந்த ஆர்சனிக் நஞ்சு என்று இனங்கண்டார். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபாங்கர் சக்ரவர்த்தி பல ஆண்டுகள் ஊர் ஊராக நீரைச் சோதித்து இச்சிக்கலின் பரப்பை உலகுக்குக் காட்டினார். வங்கதேசத்தில் மட்டும் 3.5 கோடி முதல் 7.7 கோடி மக்கள் வரை ஆபத்தில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2000ஆம் ஆண்டு வெளியான கட்டுரை மதிப்பிட்டதோடு, ஒரு மக்கள்தொகை இவ்வளவு பெரிய அளவில் நஞ்சூட்டப்பட்டது வரலாற்றில் இதற்கு முன் இல்லை என்றும் எழுதியது.

வேதியியல் வகைப்பாட்டில் ஆர்சனிக் முழு உலோகம் அன்று, உலோகப்போலி. ஆயினும் நஞ்சாகும் விதத்தால் காரீயம், பாதரசம், காட்மியம், குரோமியம் ஆகியவற்றோடு சேர்த்து ‘கன உலோகங்கள்’ என்ற ஒரே பட்டியலில் அதையும் வைப்பது வழக்கம். ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட பாதரச நோயும், அதே நாட்டின் ஜின்சு ஆற்றங்கரையில் காட்மியத்தால் எலும்பு நொறுங்கிய மக்களின் துன்பமும் இப்பட்டியலின் பிற உறுப்பினர்களை உலகுக்கு அறிமுகப்படுத்தின. இந்திய தரநிலை குடிநீரில் ஆர்சனிக்குக்கும் காரீயத்துக்கும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமையும், காட்மியத்துக்கு 0.003, பாதரசத்துக்கு 0.001 மில்லிகிராமையும் உச்ச அளவாக வைத்திருக்கிறது. சாக்கடை நீரில் உள்ள கரிமக் கழிவைப் பாக்டீரியா தின்று தீர்க்கும். கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். தனிமங்களை எதுவும் தின்று அழிக்க முடியாது, கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகிப் போக அவற்றின் செறிவு கூடத்தான் செய்யும். நீரிலிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைப்பது ஒன்றே வழி என்பதால், எப்படி எடுப்பது என்பதும் எங்கே வைப்பது என்பதும் இந்தத் துறையில் பிரிக்க முடியாத கேள்விகள்.

சுண்ணாம்போ படிகாரமோ இட்டு வீழ்படிவாக்குவது தொழிற்சாலைக் கழிவு நீருக்குப் பொருந்தும்; லிட்டருக்கு ஒரு மில்லிகிராமின் சிறு பின்னமே இருக்கும் கிணற்று நீரில் அது தடுமாறும். எதிர் சவ்வூடு பரவல் முறை, அதாவது ‘ஆர்.ஓ.’, நன்றாகவே வேலை செய்யும் என்றாலும், மின்சாரமும் அழுத்தமும் கேட்பதோடு, உள்ளே போகும் நீரில் பெரும்பங்கை மேலும் செறிந்த கழிவாக வெளியேற்றுகிறது. எஞ்சும் வழி, கரைந்திருக்கும் அயனிகள் ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்ளும்படி செய்வது. இதைப் பரப்புக் கவர்தல் என்பர். நிலத்தடியில் ஆர்சனிக்கைப் பிடித்து வைத்திருந்ததும் இதே வினைதான். ஆழத்தில் இரும்பு கைவிட்டதை மேலே கொண்டு வந்து மறுபடி இரும்பிடமே ஒப்படைப்பதுதான் இம்முறையின் சாரம்.

ஒட்டுவது மேற்பரப்பில் என்பதால் பரப்பு எவ்வளவு மிகுதியோ அவ்வளவு நன்மை. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் மொத்தப் பரப்பு ஆறு சதுர சென்டிமீட்டர்; அதையே பத்து நானோமீட்டர் பக்கமுள்ள நுண் கனசதுரங்களாக வெட்டினால், பொருளின் எடை கூடாமலே பரப்பு 600 சதுர மீட்டராகிறது. (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.) நானோ துகள்கள்மீது வேதியியலருக்கு இருக்கும் ஆர்வத்தின் அடிப்படை இதுதான். ஆனால் அந்தத் துகளை அப்படியே ஒரு குழாயில் நிரப்பி நீரை விட்டால், துகள்கள் நெருங்கி அடைத்துக்கொண்டு நீர் சொட்டுக்கூட இறங்காது. நீரில் கலக்கிவிட்டால் வடிகட்டிப் பிரிக்க முடியாமல், நஞ்சைச் சுமந்த துகளையே மக்கள் குடிக்க நேரும். அதோடு, தனியே விடப்பட்ட நானோ துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு கட்டியாகி, பாடுபட்டுப் பெற்ற பரப்பை இழந்துவிடும்.

இந்த மூன்று சிக்கலையும் ஒருங்கே தீர்க்க வந்ததே பலபடி நானோ கூட்டுப்பொருள். பலபடி அல்லது பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் சங்கிலிபோல் ஆயிரக்கணக்கில் இணைந்து உருவாகும் பெரு மூலக்கூறு. பிளாஸ்டிக்கும் பருத்தியும் அப்படிப்பட்டவையே. அச்சங்கிலிகள் பின்னிய வலைக்குள் நானோ துகள்களைப் பொதிந்து, மணல் அளவுள்ள மணிகளாக ஆக்கிவிட்டால், நீர் மணிகளின் இடைவெளியில் எளிதாக ஓடும், துகள் வெளியேறாது, வலை அவற்றைத் தனித்தனியே பிரித்து நிறுத்துவதால் கட்டியும் ஆகாது. பலபடி வெறும் கூடாக மட்டும் நின்றுவிடுவதில்லை, அதுவும் பிடிக்கும் வேலையில் பங்கெடுக்கிறது என்பதே இத்துறையின் சுவையான பகுதி.

அதை மிகத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள லீஹை பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அருப் சென்குப்தாவின் ஆய்வு. ஜாதவ்பூரில் படித்தவரான அவர் கைக்கொண்டது, தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்க ஆலைகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டுவரும் அயனிப் பரிமாற்றப் பிசின். ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள இந்தப் பலபடி மணிகளின் உள்ளே கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. மணிகளை முதலில் பெர்மாங்கனேட் கரைசலில் ஊறவைத்து, பிறகு இரும்பு உப்புக் கரைசலில் விட்டால், இரும்பு உள்ளே நுழைந்து அங்கேயே ஆக்சிஜனேற்றம் அடைந்து நீரேறிய இரும்பு ஆக்சைடாக, நானோ அளவில், துளைச் சுவர்களில் படிந்துவிடுகிறது. வெளிறிய மஞ்சள் மணிகள் துருவின் செம்பழுப்பு நிறத்துக்கு மாறுவதைக் கண்ணாலேயே காணலாம்.

பிசினில் இரு வகை உண்டு: ஒன்றின் சங்கிலியில் நேர்மின் தொகுதிகளும் மற்றதன் சங்கிலியில் எதிர்மின் தொகுதிகளும் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். இரண்டிலும் இரும்பு ஆக்சைடை ஏற்றி, ஒரே வகை ஆர்சனிக் நீரை ஓடவிட்டு, சென்குப்தாவும் கும்பல் (Cumbal) என்ற அவர் மாணவரும் 2005இல் வெளியிட்ட முடிவு வியப்புக்குரியது. நேர்மின் பிசின் ஆர்சனிக்கை வெகுநேரம் தடுத்து நிறுத்தியது; எதிர்மின் பிசினோ, உள்ளே அதே இரும்பு இருந்தும், ஏறக்குறைய எதையும் பிடிக்கவில்லை. ஆர்சனேட் அயனி எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதால், எதிர்மின் சுவர்கள் அதை வாசலிலேயே தள்ளிவிட, இரும்பை நெருங்கும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. வேதியியலர் ஃபிரெடெரிக் டொனான் 1911இல் சவ்வுகளைப் பற்றி வகுத்த விதியே இங்கு ஒரு மணியின் உள்ளே செயல்படுகிறது: நகர முடியாத மின்னூட்டம் ஓரிடத்தில் இருந்தால், அதே குறியுள்ள அயனிகள் அங்கே நுழைவது கடினம், எதிர்க் குறியுள்ளவை அங்கே செறிந்து சேரும். இரும்பைத் தேர்ந்தெடுப்பது பாதி வேலைதான், அதைச் சுற்றி எந்தப் பலபடியை வைப்பது என்பது மறு பாதி என்று இந்த ஒற்றைச் சோதனை சொல்லிவிட்டது.

மேற்கு வங்கக் கிராமங்களில் அடிபம்போடு இணைத்து நிறுவப்பட்ட உருளைகளில் முதலில் அலுமினாவும் பின்னர் இந்தக் கலப்புப் பிசினும் பயன்பட்டன. பம்பிலிருந்து வரும் நீர் உருளையின் தலைப்பகுதியில் தெறித்துச் சிதறும்படி அமைத்திருப்பது கவனிக்கத் தக்கது. ஆழத்திலிருந்து வரும் நீரில் ஏற்கெனவே கரைந்துள்ள இரும்பு, காற்று பட்டதும் துருவாகித் தானே கொஞ்சம் ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ள, மீதியை மட்டும் கீழே உள்ள மணிகள் கவனிக்கின்றன. நோயைத் தந்த நீரே மருந்தின் ஒரு பகுதியையும் கொண்டுவருகிறது.

இதே எண்ணத்தின் இன்னொரு வடிவம் சென்னையில் உருவானது. இந்திய தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் டி. பிரதீப்பின் குழு, கைட்டோசான் என்ற இயற்கைப் பலபடியைத் தேர்ந்தெடுத்தது. இறால், நண்டு ஆகியவற்றின் ஓட்டில் உள்ள கைட்டினைக் காரத்தில் வேகவைத்துப் பெறப்படும் இப்பொருள், இறால் பதப்படுத்தும் ஆலைகள் கழித்துப் போடும் ஓட்டிலிருந்தே கிடைக்கிறது. கைட்டோசான் கரைசலில் உலோக உப்பைக் கலந்து காரத்தைச் சேர்த்தால் இரண்டும் சேர்ந்தே வீழ்படிவாகும். அதைக் கழுவி, சூளை ஏதுமின்றி, சாதாரண வெப்பநிலையில் உலர்த்தினால் மணலைப் போன்ற, நீரில் கரையாத குறுணைகள் கிடைக்கும். அலுமினியத்தைக் கொண்டு செய்த இத்தகைய குறுணைகளைப் பற்றி 2013இலும், ஆர்சனிக்குக்கான இரும்புக் குறுணைகளைப் பற்றி 2017இலும் அக்குழு ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டது. ‘அம்ரித்’ என்ற பெயரில் அத்தொழில்நுட்பம் பல மாநிலங்களின் கிராமங்களுக்குப் போயிருக்கிறது.

இந்த இரும்புக் குறுணைகளில் உள்ள இரும்பு, ஃபெரிஹைட்ரைட் என்ற வடிவில் இருக்கிறது. சில நானோமீட்டர் அளவே உள்ள, ஒழுங்காகப் படிகமாகாத இந்தக் கனிமத்துக்கு ஆர்சனிக்கைப் பற்றும் ஆற்றல் மிகுதி. ஆனால் அது நிலையற்றது, விட்டுவைத்தால் நாளடைவில் படிகமாகி, பரப்புக் குறைந்த வேறு இரும்புக் கனிமங்களாக மாறிவிடும். கைட்டோசான் சங்கிலிகள் அதைச் சூழ்ந்து இறுகப் பிடித்திருப்பதால் அந்த மாற்றம் தடைப்படுகிறது. சென்குப்தாவின் பிசின் ஆர்சனிக்கை இரும்பிடம் அழைத்து வருகிறது என்றால், கைட்டோசான் இரும்பை மூப்படையாமல் காக்கிறது என்று சொல்லலாம்.

மற்ற உலோகங்களுக்குப் பலபடியும் துகளும் வேறுபடுகின்றன. காரீயமும் காட்மியமும் நேர்மின் அயனிகள் என்பதால், பழுப்புக் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் ஆல்ஜினேட்டின் கார்பாக்சில் தொகுதிகள் அவற்றை எளிதில் பற்றும். பாதரசத்துக்குக் கந்தகத்தின்மீது தீராப் பற்று இருப்பதால், கந்தகம் தாங்கிய தையால் தொகுதிகளைப் பலபடியில் பொருத்துகின்றனர். குரோமியம் சற்றுச் சிக்கலானது. தோல் பதனிடும் உப்பில் உள்ள மூன்று இணைதிற குரோமியத்தைவிட, ஆறு இணைதிறக் குரோமேட் பன்மடங்கு நஞ்சு வாய்ந்தது, நீரில் எளிதாக ஓடக்கூடியது. ராணிப்பேட்டையில் குரோமேட் தயாரித்து 1990களில் மூடப்பட்ட ஆலையின் கழிவுக் குவியலிலிருந்து கசிவது இதுவே. 2006இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. மின்கடத்தும் பலபடிகளான பாலிபிர்ரோலும் பாலிஅனிலினும் குரோமேட்டை ஈர்ப்பதோடு, தம் எலக்ட்ரானைக் கொடுத்து அதை மூன்று இணைதிற வடிவுக்கு இறக்கியும் விடுகின்றன. அவற்றோடு காந்த இரும்பு ஆக்சைடு நானோ துகளைச் சேர்த்தால், வேலை முடிந்ததும் காந்தத்தைக் காட்டியே நீரிலிருந்து பிரித்தெடுக்கலாம். ஆய்வகத்தில் இது நன்றாக நடக்கிறது. ஏக்கர் கணக்கில் பரவிய கழிவு மேட்டின் கசிவுக்கு முன் இது எவ்வளவு தாங்கும் என்பது வேறு கணக்கு.

அந்தக் கணக்கில்தான் இத்துறையின் ஆய்வுக் கட்டுரைகள் பல சறுக்குகின்றன. புதிய கூட்டுப்பொருளின் பெருமை பெரும்பாலும் ஒரே எண்ணால் பேசப்படுகிறது: ஒரு கிராம் பொருள் எத்தனை மில்லிகிராம் உலோகத்தைப் பிடித்தது என்பது. இந்த எண், லிட்டருக்கு நூறு மில்லிகிராம் உலோகம் கரைத்த தூய நீரில் பெரும்பாலும் அளக்கப்படுகிறது. கிணற்றில் இருப்பதோ 0.1 மில்லிகிராம். இர்விங் லாங்முயர் 1918இல் தந்த சமன்பாட்டைக் கொண்டு, இரு கற்பனைப் பொருள்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதலாவது நிறைவாகப் பிடிக்கும் அளவு கிராமுக்கு 200 மில்லிகிராம், ஆனால் பற்றும் வலிமையைக் குறிக்கும் மாறிலி 0.1, இரண்டாவதன் நிறைவு அளவு 40 மில்லிகிராமே, ஆனால் மாறிலி 10. ஆய்வகத்தின் நூறு மில்லிகிராம் நீரில் முதலாவது 182 மில்லிகிராமும் இரண்டாவது 40 மில்லிகிராமும் பிடிக்கும்; பரிசு முதலாவதற்கே. கிணற்றின் 0.1 மில்லிகிராம் நீரில் முதலாவது 2 மில்லிகிராமோடு நின்றுவிட, இரண்டாவது 20 மில்லிகிராம் பிடிக்கும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 20 லிட்டர் செலவிடும் குடும்பத்துக்கு ஓராண்டில் நீக்க வேண்டிய ஆர்சனிக் ஏறத்தாழ 730 மில்லிகிராம். அதற்கு முதல் பொருளில் 365 கிராமும் இரண்டாவதில் 37 கிராமும் தேவைப்படும். கட்டுரையில் தோற்ற பொருள் சமையலறையில் வெல்கிறது.

கிணற்று நீர் தூய நீரும் அன்று. தனிம வரிசை அட்டவணையில் ஆர்சனிக்குக்கு நேர்மேலே இருப்பது பாஸ்பரஸ்; ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் வடிவிலும் மின்னூட்டத்திலும் அண்ணன் தம்பிபோல் இருப்பதால், இரும்பின் பரப்பில் ஒன்றுக்குரிய இடத்தை மற்றது பிடித்துக்கொள்ளும். வங்காள நிலத்தடி நீரில் பாஸ்பேட்டும் சிலிக்காவும் தாராளமாக இருக்கின்றன. போதாக்குறைக்கு, ஆழத்து ஆர்சனிக்கில் கணிசமான பங்கு மின்னூட்டமே இல்லாத ஆர்சனியஸ் அமிலமாக இருப்பதால், மின்னூட்டத்தை நம்பி மட்டும் வடிவமைத்த பலபடிக்கு அது பிடிபடுவதில்லை. உண்மையான ஊர்க் கிணற்று நீரில், மாதக்கணக்கில் ஓடவிட்டுச் சோதிக்காத எந்தப் பொருளையும் குடிநீருக்கு உகந்தது என்று பரிந்துரைக்கக் கூடாது.

இதை நினைவூட்டும் ஒரு நிகழ்வு 2007இல் நடந்தது. ஆர்சனிக் நீக்கும் எளிய முறைக்காக அமெரிக்க தேசியப் பொறியியல் கழகம் அறிவித்த கிரெயின்ஜர் பரிசின் முதலிடம், பத்து லட்சம் டாலர், வங்கதேசத்தில் பிறந்த வேதியியலர் அபுல் ஹுசாமின் ‘சோனோ’ வடிகட்டிக்குச் சென்றது. பதப்படுத்திய இரும்புச் சீவலும் ஆற்று மணலும் மரக்கரியும் செங்கல் சல்லியும் நிரப்பிய வாளிகளே அந்த வடிகட்டி. பலபடி என்று சொல்ல அதில் வாளியைத் தவிர வேறில்லை. சென்குப்தா குழுவின் கிராம உருளை இரண்டாம் பரிசு பெற்றது. நானோ என்ற அடைமொழி தகுதிச் சான்று ஆகாது. ஒரே உருளையைப் பல ஆண்டுகள் புதுப்பித்துப் பயன்படுத்த வேண்டிய இடத்தில்தான் கூட்டுப்பொருளின் மதிப்பு விளங்குகிறது.

புதுப்பித்தல் என்பது, நிறைந்துபோன மணிகளைக் காஸ்டிக் சோடாவும் உப்பும் கலந்த கரைசலால் கழுவி, ஆர்சனிக்கை இறக்கிவிட்டு, மறுபடி உருளையில் நிரப்புவது. கழுவிய நீரில் இப்போது ஊர் முழுவதும் குடிக்காமல் தப்பிய ஆர்சனிக் திரண்டிருக்கும். இரும்பு உப்பைச் சேர்த்து அதைச் சேறாக வீழ்படிவாக்கலாம். அந்தச் சேற்றைக் குப்பை மேட்டில் புதைத்தால், அங்கும் ஆக்சிஜன் தீர்ந்து, இரும்பு கரைந்து, ஆர்சனிக் மறுபடி நிலத்தடி நீருக்கே போய்ச் சேரும். மேற்கு வங்கத் திட்டத்தில் அதனால்தான் சேற்றைப் புதைக்காமல், காற்று படும்படி அமைத்த பருமணல் தொட்டியில் நிலத்துக்கு மேலே வைத்தனர். கழுவும் பணியும், நீரைக் குறித்த காலத்தில் சோதிக்கும் பணியும், மாதச் சந்தா வசூலும் ஊர்க் குழுக்களின் பொறுப்பில் விடப்பட்டன. மணிகள் நிறைந்த பின்னும் உருளையிலிருந்து தெளிந்த நீரே வரும்; நிறமும் மணமும் சுவையும் மாறாது. சோதனை நின்றுபோன உருளை, இருப்பதைவிட இல்லாமல் இருப்பதே மேல்.

கன உலோகம் இருக்கக்கூடும் என்று ஐயுறும் இடத்தில் வசிப்போர், வீட்டு வடிகட்டி விற்பனையாளர் கையில் கொண்டுவரும் டி.டி.எஸ். மீட்டரை நம்ப வேண்டாம்; கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம் உள்ள நீரில் 0.1 மில்லிகிராம் ஆர்சனிக் அதில் தெரியாது. ஆய்வகத்துக்கு நீரை அனுப்பும்போது ஆர்சனிக், காரீயம், குரோமியம் என்று பெயர் குறிப்பிட்டே சோதனை கேட்க வேண்டும். வடிகட்டி வாங்குவோர் விற்பவரிடம் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கலாம்: இந்தப் பொருள் எத்தனை லிட்டருக்குப் பின் நிறையும், நிறைந்த பின் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளப் போவது யார்?